முதலில் பேரைக் கேளுங்கள்

பேரைக் கேட்கவில்லை. அதுதான் பிரச்சினை. ஏட்டு வண்டியை ஸ்டாண்டு போட்டார், இறங்கினார், பெல்ட்டை மேலே இழுத்துவிட்டார், என் முகத்துக்கு நேரே டார்ச் அடித்தார், எல்லாம் செய்தார், பேரை மட்டும் கேட்கவில்லை. "மீட்டர்ல என்னல பாக்க?" என்கிறார். இது முதல் கேள்வி இல்லை. பழகின எந்தக் கேள்வியும் இல்லை. முதல் கேள்வி பேரென்ன. கோமதிநாயகம் சார் என்று நான் சொல்ல வேண்டும். அடுத்தது எங்க போற. கடையில இருந்து வீட்டுக்கு நடந்து போறேன் சார். அதற்கப்புறம், சார், என்கிட்ட ஒரு கார்டு இருக்கு, எடுத்துக் காட்டட்டுமா சார். அவர் எடு என்று சொன்ன பிறகுதான் கை பின்பாக்கெட்டுக்குப் போக வேண்டும், மெதுவாக, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. கார்டில் என் போட்டோ இருக்கிறது, வீட்டு அட்ரஸ் இருக்கிறது, ஆட்டிசம் என்று இருக்கிறது, கவர்மெண்டு முத்திரை இருக்கிறது, பின்பக்கம் அம்மா தன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டி லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாள், இவனுக்குச் சில நேரம் பேச்சு வராது, அடிக்காதீர்கள், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று. எல்லாம் தயாராக இருக்கிறது ஏட்டையா. நீங்கள் பேரைக் கேட்டால் போதும், மிச்சமெல்லாம் ஒன்றின் பின்னால் ஒன்றாக வந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைப் பாட்டை நடுவிலிருந்து பாடச் சொன்னால் உங்களுக்கும்தான் திணறும், முதல் வரியிலிருந்து ஓடி வந்துதான் பிடிக்க முடியும். கேளுங்கள். கேட்க மாட்டேன் என்கிறார். "ஏல, காது கேக்கலியா? பூட்டுன வீட்டு மீட்டர்ல உனக்கு என்னல சோலி?" என்கிறார், சத்தம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது.

பேச்சு வரவில்லை என்றால் பேசத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. நான் நன்றாகப் பேசுவேன். பிளம்பிங் சாமான் கடையில் பில் போடுகிறேன், காலையிலிருந்து முக்கால் இஞ்ச் எல்போ, ஒரு இஞ்ச் டீ, பந்து வால்வு என்று ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். கடை அண்ணாச்சியே சில நாள், "ஏ நாயகம், வாய்க்குக் கொஞ்சம் லீவு குடுடே" என்பார். இப்போதும் உள்ளே பேச்சு நிற்கவில்லை, பாருங்கள், எவ்வளவு பேசுகிறேன். ஆனால் யாராவது சத்தம் போட்டால், அதுவும் முகத்தில் வெளிச்சம் அடித்துச் சத்தம் போட்டால், தொண்டையில் ஒரு வால்வு இறுகிவிடுகிறது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாயில்தான் வரவில்லை. இதை அவருக்கு எப்படிச் சொல்வது, சொல்வதற்குத்தான் குழாய் வேண்டும். டார்ச் வெளிச்சம் கண்ணுக்குள் ஊசி ஊசியாக இறங்குகிறது, நான் தலையைத் திருப்புகிறேன், "முகத்த மறைக்கான் பாருங்க ஏட்டையா" என்கிறான் கூட வந்த போலீஸ்காரன். சின்ன வயசு, ஒட்ட வெட்டின முடி, பளபளக்கிற பச்சை மேல்சட்டை, ஏட்டு அவனை ஜெபா என்று கூப்பிடுகிறார். ஜெபா, நான் முகத்தை மறைக்கவில்லை, கண் கூசுகிறது. ஜெபாவுக்கும் கேட்கவில்லை.

எனக்குப் பழகின போலீஸ் அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கிற நேரத்தில் அடுப்படியிலிருந்து திடீரென்று வெளியே வருவாள், அப்பாவின் பழைய ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் சப்பாத்திக் கட்டையோடு. "ஏல நில்லு! பேரென்னய்யா?" என்பாள். என் தங்கச்சி வடிவு விழுந்து விழுந்து சிரிப்பாள், "எந்த ஊர்ப் போலீஸும்மா ஐயான்னு கூப்புடும்?" என்பாள். அம்மாவுக்குக் கோபம் வரும், "நீ சும்மா கெட, இவன் படிக்கணும்" என்பாள். படித்தேன். அம்மா கேட்கிற வரிசை எனக்குத் தூக்கத்திலும் வரும். எல்லாம் அந்த வீடியோவால் வந்தது. எந்த ஊரோ தெரியாது, என்னை மாதிரி ஒருத்தனைப் பிள்ளை பிடிக்க வந்தவன் என்று கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள், அவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான். வடிவு அதை அம்மாவிடம் காட்டித் தொலைத்தாள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவன் ஏன் சிரிக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், நான்தான் சொன்னேன், அது சிரிப்பு இல்லை, பயம், முகத்தில் வருகிறபோது அப்படி வருகிறது என்று. எனக்கும் வரும். இப்போதும் வருகிறது, கன்னம் தானாக இழுக்கிறது, வேண்டாம் வேண்டாம் என்று பல்லைக் கடிக்கிறேன், பல்லைக் கடித்தால் இன்னும் பெரிதாகச் சிரிக்கிற மாதிரிதான் தெரியும். "சிரிக்கான்" என்கிறான் ஜெபா. "திண்ணக்கத்தப் பாரு, போலீஸ்னு ஒரு பயம் இருக்கா" என்கிறார் ஏட்டு. அம்மா, நீ பாவம், நல்லாத்தான் போலீஸாக நடித்தாய், ஆனால் நீ ஒரு தடவைகூட வேறு கேள்வி கேட்டுப் பார்க்கவில்லையே.

மீட்டரில் என்ன பார்த்தேன் என்றால் விளக்கைப் பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஒவ்வொரு கரண்டு மீட்டரிலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு, வீட்டுக்குள் எவ்வளவு கரண்டு ஓடுகிறதோ அந்த வேகத்தில் துடிக்கும். ஏசி ஓடுகிற வீட்டு மீட்டரை என்னால் பார்க்கவே முடியாது, படபடபடவென்று அடித்துக்கொள்ளும், பார்த்தால் எனக்கும் மூச்சு முட்டும். ஆள் இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும், அப்போது அது துடிக்கும், அணையும், வராதோ என்று நினைக்கும்போது மறுபடி துடிக்கும். கடையில் நாள் பூராவும் இரும்பு பைப் விழுகிற சத்தம், லோடு ஆட்டோ ஹாரன், அண்ணாச்சியின் இரண்டு போன், எல்லாம் தலைக்குள் குவிந்து கிடக்கும், இந்த மாதிரி ஒரு விளக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் ஒவ்வொன்றாக இறங்கிப் போகும். செல்வி நகரில் இந்த வீடுதான் எனக்குப் பிடித்த வீடு, சிவப்புக் கேட்டு, காம்பவுண்டுச் சுவரில் தெருவைப் பார்த்த மாதிரி மீட்டர் பெட்டி, வீட்டுக்காரர்கள் மகளைப் பார்க்க வெளியூர் போயிருக்கிறார்கள் போலிருக்கிறது. போகட்டும், நன்றாக இருக்கட்டும், மெதுவாக வரட்டும் என்றுதான் நான் நினைத்தேன். இப்போது இந்த டார்ச் வெளிச்சத்தில் நின்று யோசிக்கும்போதுதான் உறைக்கிறது. பூட்டின வீடு எது என்று கண்டுபிடிக்கத் திருடனும் இதைத்தானே பார்ப்பான். அடுத்த தெருவில் போன வாரம் ஓட்டைப் பிரித்து இறங்கினார்கள், பீரோவை உடைத்தார்கள், கடையில் அதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், நானும் பில் போட்டுக்கொண்டே ஆமாம் ஆமாம் என்றேன். நான் ஊரில் உள்ள எல்லாப் பூட்டின வீட்டுக்கும் முன்னால் போய் நிற்கிறவன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எதிர்வீட்டு அக்கா கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, நைட்டி மேல் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு வாரமா பாக்கேன் சார், டெய்லி வாரான், இந்த வீட்டு முன்னால நிக்கான், தலைய ஆட்டுதான், போறான். ஆளு வேவு பாக்கான்னு அப்பமே சொன்னேன்" என்கிறாள். அவளைத் தப்புச் சொல்ல முடியாது. நான் அவளாக இருந்தாலும் போன் பண்ணியிருப்பேன். ஆனால் எக்கா, ஒரு தடவை கேட்டைத் திறந்து வந்து, தம்பி, உன் பேரென்ன என்று நீங்களாவது கேட்டிருக்கலாமே.

"கூட வந்தவன் எங்கல? வண்டியில நிக்கானா?" என்கிறார் ஏட்டு. கூட யாரும் வரவில்லை, அதுதானே விசேஷமே, தனியாக வருகிறேன். "எந்த ஊரு?" இந்த ஊர். பாளையங்கோட்டை. பிறந்ததே இங்கேதான். இதுகூட வர மாட்டேன் என்கிறது. சரி, கார்டை எடுத்துவிடலாம், வரிசை போனால் போகட்டும். கை பின்பாக்கெட்டுக்குப் போகிறது. "ஏய்! கைய எட்றா!" என்று ஜெபா கத்துகிறான், பாய்ந்து என் முழங்கையைப் பிடிக்கிறான், அவன் கை ஈரமாகச் சூடாக இருக்கிறது, தொட்ட இடத்திலிருந்து தோள் வரைக்கும் எறும்பு ஓடுகிற மாதிரி இருக்கிறது, எனக்குச் சொல்லாமல் யாரும் என்னைத் தொடக்கூடாது, உதறுகிறேன், உதறினேனா, அவன் நெஞ்சில் என் முழங்கை பட்டுவிட்டது. பிடரியில் ஒன்று விழுகிறது. ஏட்டு கைதான். வலி அப்புறம்தான் வருகிறது, முதலில் சத்தம்தான் வருகிறது, காதுக்குள் ஒரு பெரிய பைப்பைத் தரையில் போட்ட சத்தம். என் வாயிலிருந்தும் சத்தம் வர ஆரம்பித்துவிட்டது, ம்ம்ம் என்று, அது நான் போடுகிற சத்தம்தான், மற்ற சத்தத்தை மூடுவதற்குப் போடுகிறேன், நிறுத்த முடியாது. "கஞ்சாவா இருக்குமோ ஏட்டையா?" என்கிறான் ஜெபா. "நாத்தம் வரலியே. என்னத்தப் போட்டிருக்கானோ" என்கிறார் ஏட்டு. பீடி வாசம்கூட எனக்கு ஆகாது ஐயா. "பாக்கெட்டுல உள்ளதப் பூரா எடுத்து வண்டி சீட்டுல போடு. மெதுவா. போடு!" என்கிறார்.

இது சரியான உத்தரவு. இப்படிச் சொன்னால் எனக்குப் புரியும், செய்ய முடியும். கைக்குட்டையை எடுத்து சீட்டின் மேல் வைக்கிறேன். கடைச் சாவியை வைக்கிறேன். டெஃப்லான் டேப் உருளை ஒன்று, பைப் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப், விரலில் சுற்றிக்கொண்டே நடப்பேன், அதையும் வைக்கிறேன். "இது என்னல?" என்று ஏட்டு அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். பர்ஸை வைக்கிறேன். கார்டு பர்ஸுக்குள் போகாது, அம்மா லேமினேட் பண்ணும்போது ஓரம் பெரிதாக விட்டுவிட்டாள், தனியாகத்தான் வைத்திருப்பேன். கடைசியில் கார்டு கையில் வருகிறது. சீட்டுக்கு மேல் கை போகிறது, நின்றுவிடுகிறது. வைத்துவிடு நாயகம், இதற்காகத்தானே ஆஸ்பத்திரியில் மெடிக்கல் போர்டு டாக்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்தாய், டாக்டர் கண்ணைப் பார்த்துப் பேசு என்றதும் அவர் புருவத்தைப் பார்த்துப் பேசினாய், இதற்காகத்தானே அம்மா ஆஸ்பத்திரிக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலைந்தாள். கார்டு வந்த அன்றைக்கு அண்ணாச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊனம் அறுபது சதவீதம்னு போட்டிருக்கேடே, அப்பம் மிச்சம் நாப்பதை வச்சா எனக்குப் பில்லு போடுத?" என்று சிரித்தார், நானும் சிரித்தேன், அண்ணாச்சி கிண்டலில் விஷம் கிடையாது. அம்மா ரயிலில் போகும்போது டிக்கெட் பரிசோதகர் வருவதற்கு முன்பே கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள், சலுகை டிக்கெட், தைரியமாகக் காட்டுவாள். அதே அம்மா வடிவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இதே கார்டை மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள், என்னையும் அன்றைக்கு ஓவர்டைம் என்று கடைக்கு அனுப்பிவிட்டாள், அப்புறம் எங்கே வைத்தோம் என்று மறந்துபோய் வீட்டையே புரட்டினாள். எடுத்துக் காட்ட வேண்டிய இடமும் ஒளிக்க வேண்டிய இடமும் அவளுக்குத் தெரியும். எனக்கு இது எந்த இடம் என்று தெரியவில்லை.

ஏனென்றால் கார்டைப் பார்த்தால் திருப்புவார்கள். திருப்பினால் நம்பர் இருக்கும். நம்பர் இருந்தால் கூப்பிடுவார்கள். அம்மா போனை எடுப்பாள், போலீஸ் என்ற ஒரு வார்த்தையைக் கேட்பாள், அத்தோடு என் நடை முடிந்தது. இந்த நடை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அம்மாதான் கூட்டிக்கொண்டு போவாள், கூட்டிக்கொண்டு வருவாள், சாயங்காலம் கடை வாசலில் வயர் கூடையோடு நிற்பாள், லோடு இறக்குகிற பையன்கள் "மக்கா, ஒன் மிஸ் வந்துட்டாவ" என்பார்கள். ஒரு நாள் நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சிதான், "எக்கா, முப்பது வயசுப் பய, விட்டுப் பாருங்களேன், காணாமப் போனா நான் பொறுப்பு" என்றார். அம்மா விட்டாள், விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள். நின்றிருக்கிற கார்களுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வருவாள், நான் திரும்பவே இல்லை, திரும்பினால் அவளுக்கு வெட்கமாக இருக்கும். பிறகு ஒரு நாள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அன்றைக்கு நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். ஒரு நாளில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது இது ஒன்றுதான், கடை மூடினதிலிருந்து வீடு வருகிற வரைக்கும். அங்கே யாரும் சாப்பிட்டியா, பாத்துப் போ, கையை ஆட்டாதே என்று சொல்வதில்லை. அடி வலிக்கிறது, இன்னும் ஒன்று விழலாம், ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகலாம், அது எல்லாம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடி ஆறிவிடும். நடை போனால் திரும்பாது. கார்டுக்கு மேல் விரல்கள் மூடிக்கொள்கின்றன.

"கையில என்ன?" என்கிறார் ஏட்டு. "ஒளிக்கான் ஏட்டையா, ஒளிக்கான்!" என்கிறான் ஜெபா, அவன் குரலில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். நாயகம், நீ செய்வது கோட்டித்தனம், சுத்தப் பைத்தியக்காரத்தனம், உலகத்தில் எவனாவது தன்னைக் காப்பாற்றுகிற கார்டைப் போலீஸிடமிருந்து ஒளிப்பானா, அம்மா அடுப்படியில் பழக்கினது எல்லாம் இதற்கா என்று உள்ளே ஒருத்தன் கத்துகிறான், விரல் கேட்கவில்லை. ஜெபா என் மணிக்கட்டைப் பிடித்து வண்டி சீட்டோடு அமுக்குகிறான், ஏட்டு ஒவ்வொரு விரலாகப் பிரிக்கிறார், சுண்டுவிரலிலிருந்து ஆரம்பிக்கிறார், லேமினேஷன் ஓரம் உள்ளங்கையை அறுக்கிறது, ம்ம்ம் என்கிற சத்தம் இப்போது தெரு முழுக்கக் கேட்கும். கட்டைவிரலும் போய்விட்டது. ஏட்டு கார்டை டார்ச்சில் பிடிக்கிறார். முன்பக்கம் பார்க்கிறார். பின்பக்கம் திருப்புகிறார். உதட்டை அசைத்து அசைத்துப் படிக்கிறார். அடிக்காதீர்கள் என்கிற இடம் வரும்போது உதடு நிற்கிறது. பிடரியில் விழுந்த அடி அப்போதுதான் நன்றாக வலிக்க ஆரம்பிக்கிறது.

"விடுல அவன" என்கிறார் ஏட்டு. ஜெபா விடுகிறான். "என்ன ஏட்டையா?" "கார்டு வச்சிருக்கான். இது என்னமோ ஆட்டிசமாம்." "அப்டின்னா கோட்டியா?" "வாய மூடு." டார்ச் அணைகிறது. அணைந்ததும் தெரு திரும்ப வந்துவிட்டது, சிவப்புக் கேட்டு, தெருவிளக்கு, அக்காவின் துண்டு, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. "அடப் பாவமே, பாத்தா நல்ல பிள்ளையாட்டம்லா இருக்கான்" என்கிறாள் அக்கா. இந்தக் குரலை எனக்குத் தெரியும். திருடன் ஒரு நிமிஷத்தில் பிள்ளையாகிவிட்டான், நடுவில் முப்பது வயசு ஆள் ஒருத்தன் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏட்டு குனிந்து என் முகத்துக்குக் கீழே தன் முகத்தைக் கொண்டுவந்து, "பயப்புடாத கண்ணு, என்ன? தண்ணி குடிக்கியா?" என்கிறார். எனக்கு அந்தக் கண்ணு பிடிக்கவில்லை. அடித்ததற்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை, என் சட்டைக் காலரை மட்டும் இழுத்து நேராக்கிவிட்டார். அப்புறம் போனை எடுத்தார். எடுக்காதீர்கள் ஏட்டையா. நம்பரை ஒவ்வொன்றாக அழுத்துகிறார். வேண்டாம் ஐயா. "ஏம்மா, போலீஸ்ல இருந்து பேசுதேன், பதறாதீங்க, ஒங்க மகனுக்கு ஒண்ணுமில்ல" என்கிறார், ஒண்ணுமில்ல என்று ஒரு போலீஸ் சொன்னால் யார் பதறாமல் இருப்பார்கள். ஸ்பீக்கரில் அம்மா குரல் உடைந்து உடைந்து வருகிறது. "அடிச்சிட்டீங்களா சார்? அவன அடிச்சிட்டீங்களா?" "சேச்சே, யாரும்மா அடிச்சா? விசாரிச்சோம். தனியா எதுக்கும்மா விடுதீங்க? காலம் கெட்டுக் கெடக்கு." "தப்புதான் சார், தப்புதான். இனிமே அனுப்ப மாட்டேன் சார். வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்துருங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். எய்யா, நாயகம், சார் கூட வண்டியில ஏறிக்கோய்யா." முடிந்தது. அம்மா சொல்லிவிட்டாள், இனிமே அனுப்ப மாட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வயர் கூடையோடு நிற்பாள்.

ஜெபா வண்டியைத் திருப்பி நிறுத்துகிறான். நான் நடுவில் உட்கார வேண்டுமாம், முன்னால் ஜெபா முதுகு, பின்னால் ஏட்டு வயிறு. "ஏறு கண்ணு." சாவியை எடுத்துக்கொள்கிறேன். டேப் உருளையை எடுத்துக்கொள்கிறேன். கைக்குட்டை, பர்ஸ். ஏட்டு கார்டை என் சட்டைப் பையில் தானே வைத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டுகிறார். அந்தத் தட்டுதான் என்னவோ செய்துவிட்டது, கோபம், வயிற்றிலிருந்து கோபம், திருடன் என்று அடித்தபோதுகூட இப்படி வரவில்லை. "நடந்து" என்கிறேன். யார் சொன்னது என்று ஏட்டு சுற்றிப் பார்க்கிறார். நான்தான் சொன்னேன். வால்வு ஒரு மரை திரும்பியிருக்கிறது. "நடந்து போறேன் சார்." "அம்மா வண்டியில வரச் சொல்லிட்டாவல்லா?" "நடந்து போறேன் சார்." வேறு வார்த்தை கிடைக்கவில்லை, இது ஒன்றுதான் இருக்கிறது, இது போதும். திரும்பி நடக்க ஆரம்பிக்கிறேன். முதுகு முழுக்க அவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, இப்போது கை வந்து விழும், இப்போது காலரைப் பிடிப்பார்கள். கை வரவில்லை. வண்டி உறுமுகிறது, மெதுவாக, முதல் கியரில், என் பின்னாலேயே வருகிறது. ஹெட்லைட்டில் என் நிழல் நீளமாகத் தெருவில் எனக்கு முன்னால் நடக்கிறது. வாசல் வாசலாக ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எந்த மந்திரிக்கு இப்படிப் போலீஸ் பாதுகாப்பு வரும் என்று நினைத்தேன், இந்தத் தடவை வந்தது நிஜச் சிரிப்பு.

முனை வந்தது. நேராகப் போனால் வீடு பக்கம். நான் இடதுபக்கம் திரும்பினேன், எப்போதும் இடதுபக்கம்தான் திரும்புவேன், பால் டிப்போ தெரு. "ஏட்டையா, அட்ரஸுப்படி வீடு நேரால்லா இருக்கு, இவன் எங்க போறான்?" என்கிறான் ஜெபா. "போகட்டும், பின்னால போ." பால் டிப்போ தெரு, ரேஷன் கடைத் தெரு, சர்ச்சுக்குப் பின்பக்கச் சந்து, எல்லாம் போனோம். பூட்டின வீடுகள் இருந்தன, நான் நிற்கவில்லை. நிற்க முடியவில்லை, இனிமேல் முடியுமா என்றும் தெரியவில்லை, அது நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. ஆனால் ஒரு தெருவையும் விடவில்லை. வண்டி இரண்டு தடவை அணைந்தது, ஜெபா திட்டிக்கொண்டே உதைத்துக் கிளப்பினான். "சவம், கிளட்சு கருகப் போவுது" என்றான். ஏட்டு பீடி பற்றவைத்த வாசம் வந்தது. எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அம்மா கேட்டில் நின்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் வீட்டை நெருங்கினேன், நெருங்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், என் சுற்று வீட்டோடு முடிவதில்லை, வீட்டைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பினால்தான் முடியும். ஒளிந்து ஒளிந்து பின்னால் வந்தவள் அவள், அவளுக்குத் தெரியும். அவள் கையை நீட்டினாள். என் பிடரியைப் பார்த்தாள், அங்கே சிவந்திருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. அவளைத் தாண்டிவிட்டேன். "ஏல, வீடு இதானல!" என்று ஜெபா கத்தினான், வண்டி என் பின்னால் வேகம் எடுத்தது. "நில்லுங்க சார்" என்றாள் அம்மா. "அவன விடுங்க. இன்னும் ஒரு தெரு இருக்கு, முடிச்சிட்டு வருவான். அவனா வருவான்." பிறகு வண்டி அணைந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தெருவிளக்கு ஒன்று எரியவில்லை, அந்த இருட்டுக்குள் நான் நடந்தேன், பின்னால் எந்தச் சத்தமும் வரவில்லை.